இயற்பியலின் பெயரால் நடந்த புரளிகளும் குறும்புகளும்: பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா?

பென்னாகரம் ஆசிரியர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேல்நிலை மாணவர்களுக்காக நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் இயற்பியல் வகுப்பு நடத்துகிறோம். அடுத்த வகுப்புக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு, இயற்பியலின் பெயரால் உலகில் நடந்த புரளிகளும் குறும்புகளும். உடன் இருக்கும் ஆசிரியர் ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். "பாடமே இன்னும் மனத்தில் பதியாத வயதில் பொய்யை எதற்குக் காட்டுகிறீர்கள்? அறிவியலே ஏமாற்று என்று நினைத்துவிடுவார்கள்" என்கிறார். உங்கள் கருத்துகள் வேண்டும்.

நான் இதை எடுக்கக் காரணம், பெற்றோர் வாட்சப் குழுக்களில் சுற்றும் ஒரு செய்தி. 2026 ஆகஸ்ட் 12 அன்று பூமி 7 விநாடிகள் ஈர்ப்பு விசையை இழக்குமாம். இரண்டு கருந்துளைகளிலிருந்து வரும் ஈர்ப்பலைகள் சந்திப்பதுதான் காரணமாம். நாசா இதைத் தெரிந்தே மறைக்கிறதாம். நாசா மறுத்துவிட்டது, ஆனால் மறுப்பு நம் குழுக்களுக்கு வந்து சேரவே இல்லை. அந்தத் தேதிக்கு உரிய உண்மையான நிகழ்வு முழுச் சூரிய கிரகணம். அதுவும் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாகச் செல்வது, இந்தியாவில் தெரியாதது.

ஈர்ப்பலை என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. கருந்துளைகள் போன்றவை மோதும்போது விண்வெளியில் பரவும் மிக மெல்லிய அதிர்வுதான் அது. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பூமியைக் கடந்தபோது, ஈர்ப்பலைகளை அளக்கும் அமெரிக்காவின் லைகோ கருவியில் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கை ஒன்றின் நீளம் மாறிய அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருந்தது. பூமியின் ஈர்ப்பு அதன் நிறையிலிருந்து வருகிறது. நிறை இருக்கும்வரை ஈர்ப்பு இருக்கும்.

வதந்தியை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டாலும் அது நிற்கவில்லை. ஈர்ப்பு திடீரென மறைந்தால், பூமியின் சுழற்சியால் மட்டுமே நாம் தரையை விட்டு விலகுவோம். நம் அட்சரேகையில் அந்த முடுக்கம் ஒரு விநாடிக்கு விநாடி சுமார் 0.033 மீட்டர். 7 விநாடிகளில் அசையாமல் நிற்கும் ஓர் ஆள் சுமார் 80 சென்டிமீட்டர் எழுவார். காற்று மண்டலத்துக்கும் பாறைகளுக்கும் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. ஆனால் செய்தி சொல்வது போல ஆட்கள் வானத்தில் பறந்துபோய் விழ மாட்டார்கள். பதினோராம் வகுப்பு மாணவர் இதைத் தாளில் போட்டுப் பார்க்க முடியும். அந்த வயதில் அதைவிட நல்ல பயிற்சி எது?

இதே கதை 50 ஆண்டுகளுக்கு முன்பே குறும்பாக அரங்கேறியிருக்கிறது. 1976 ஏப்ரல் 1 காலையில் பிபிசி வானொலியில் வானியலாளர் பேட்ரிக் மூர், சரியாக 9.47 மணிக்குப் புளூட்டோ வியாழனுக்குப் பின்னால் செல்லும், அப்போது பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறையும், அந்த நொடியில் குதித்தால் மிதப்பது போல உணரலாம் என்றார். நேயர்கள் குதித்தார்கள். மிதந்ததாகவே நூற்றுக்கணக்கானோர் தொலைபேசியில் சொன்னார்கள். தானும் தோழியர் 11 பேரும் நாற்காலியோடு எழும்பியதாக ஒரு பெண்மணி சொன்னார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எதிர்பார்த்து நின்ற உடம்பு எதிர்பார்த்ததை உணர்ந்திருக்கிறது. மாணவர்கள் அறிய வேண்டியது இதைத்தான்.

வகுப்பில் கொடுக்க ஒரு புதிரும் வைத்திருக்கிறேன். 1931 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கைடோ பெக், ஹான்ஸ் பெத்தே, வொல்ஃப்காங் ரீஸ்லர் என்ற மூன்று இளைஞர்கள் புகழ்பெற்ற ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் சிறு குறிப்பு வெளியிட்டார்கள். மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ் எண் ஏறத்தாழ 137. அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 273. எனவே தனிச்சுழி வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாத வெப்பநிலை, மைனஸ் 273 டிகிரி என்று கோட்பாட்டிலிருந்தே பெற்றுவிட்டோம் என்றார்கள். எண் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியானால் தவறு எங்கே? பெரியவர்கள் உடனே விடை சொல்லிவிட வேண்டாம். இங்கே படிக்கும் மாணவர்கள் முயலட்டும்.

ஓசூர் டூல்ரூம்

கட்டாயம் நடத்துங்கள் ஐயா. சிரிக்கவைக்கும் குறும்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளுக்கு எல்லாமே மோசடியாகத் தெரியும்.

1975-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹெதரிங்டன் ஒரு கட்டுரையைத் தனியாக எழுதி முடித்தார். தட்டச்சு செய்த பிறகுதான் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார்: கட்டுரை முழுக்க "நாங்கள்" என்று இருக்கிறது, ஆசிரியர் ஒருவர் மட்டும் என்றால் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிடும். கணினி இல்லாத காலம். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வதற்குப் பதிலாகத் தன் வீட்டுச் சயாமியப் பூனை செஸ்டரை இணை ஆசிரியராக்கி, எஃப்.டி.சி. வில்லார்டு என்று பெயர் சூட்டி அனுப்பினார். ஃபிசிக்கல் ரெவியூ லெட்டர்ஸ் வெளியிட்டது. திட ஹீலியம்-3 பற்றிய அந்த ஆய்வில் தவறு எதுவும் இல்லை. பூனையின் பாதத்தை மையில் தோய்த்துச் சில பிரதிகளில் கையொப்பமும் வைத்தார்கள்.

ஆசிரியர் பெயரில்தான் விளையாட்டு. அளவுகளில் விளையாடவில்லை. எங்கள் தொழிலில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தின் மூலையில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மைக்ரோமீட்டர் காட்டும் அளவை மாற்றி எழுதக் கூடாது.

சூளகிரி அம்மா

ஈர்ப்பு மறையும் என்ற அந்தச் செய்தியை எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் பார்த்துவிட்டாள். அன்று இரவு வீட்டுக்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்தால் போதுமா என்று கேட்டாள். "புரளி, தூங்கு" என்றேன். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆசிரியர் எழுதிய 80 சென்டிமீட்டர் கணக்கை இன்று காட்டினேன். ஸ்கேலை எடுத்துச் சுவரில் அளந்து பார்த்தாள். எட்டாம் வகுப்புக்கும் ஒரு வகுப்பு நடத்துங்கள் ஐயா.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறீர்கள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

வெளிநாட்டுப் பேராசிரியர் பூனைக்குப் பெயர் வைத்தார், நல்லது. எங்கள் பக்கத்தில் இயற்பியல் எந்த உருவத்தில் வந்தது தெரியுமா? கலசம். ரைஸ் புல்லிங் என்பார்கள், இரிடியம் என்பார்கள். கோயில் கோபுரத்துக் கலசத்தில் இடி விழுந்து விழுந்து செம்பு இரிடியமாக மாறிவிட்டது, அரிசியை வைத்தால் இழுக்கிறது, விண்வெளி நிறுவனம் கோடிக்கணக்கில் வாங்குகிறது, அதற்கு முன் "டெஸ்டிங்" செலவுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இரண்டு ஏக்கர் தோட்டத்தை விற்றுக் கட்டினார். வந்தவர்கள் வெள்ளை உடை போட்டு, கதிர்வீச்சு அளக்கும் கருவி என்று ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, குவாண்டம், காந்தப்புலம், அணு அதிர்வு என்று பேசினார்கள். அவர் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். படித்தவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டார். காவல் நிலையத்துக்குப் போக இன்றுவரை வெட்கப்படுகிறார்.

பெரிய வார்த்தைகளை வைத்துப் பெரிய மனிதர்களையே ஏமாற்றலாம் என்று நீங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அதில் ஒரு பிள்ளை நாளைக்குக் கலசத்தோடு வராது என்பதற்கு என்ன உறுதி? உங்களோடு இருக்கும் அந்த ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பென்னாகரம் ஆசிரியர்

ஐயா, உங்கள் உறவினருக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்துவிட்டது. நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கலசக் கதையைக் கேள்விப்படாத ஊர் இருக்காது. இது நம் ஊர்களோடு நிற்பதும் இல்லை. 2018 மே மாதம் டெல்லியில் தந்தையும் மகனும் கைதானார்கள். கதிர்வீச்சுத் தடுப்பு உடை என்று பளபளப்பான ஆடை அணிந்து, செம்புத் தகடு ஒன்றை நாசாவுக்கு விற்பதாகச் சொல்லி, ஒரு தொழிலதிபரிடம் 1 கோடிக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். அந்தத் தொழிலதிபர் படிக்காதவர் அல்லர். உங்கள் உறவினர் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

கலசத்தை வகுப்பில் முதலில் எடுக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. செம்பின் அணு எண் 29, இரிடியத்தின் அணு எண் 77. அணுக்கருவை அப்படி மாற்றும் வேலையை எந்த மின்னலும் செய்யாது. இரிடியம் 2,446 டிகிரி செல்சியஸில்தான் உருகும், செம்பு 1,085-லேயே உருகிவிடும். இரிடியத்தின் காந்தத் தன்மை மிகமிகச் சிறியது, அரிசிக்கோ காந்தத்தால் இழுபடும் குணமே கிடையாது. கலசத்தின் பக்கம் அரிசி நகர்ந்தால், அரிசியில் இரும்புத் துகள் ஏறியிருக்கிறது, கலசத்துக்குள் காந்தம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனையும் உண்டு. பொருளை முதலில் காற்றில் எடை போடுங்கள், பிறகு நூலில் கட்டி நீரில் முழுக்கி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். செம்பு என்றால் 9-ஐ ஒட்டி வரும். இரிடியம் என்றால் 22-க்கு மேல் வர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஆர்க்கிமிடீஸ். ஒரு வாளித் தண்ணீர் போதும்.

ஓசூர் டூல்ரூம்

இரிடியத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போய் ஒரு இரிடியம் ஸ்பார்க் பிளக் வாங்கலாம். முனையில் ஊசி போல ஒரு துளி இருக்கும். அவ்வளவுதான் வைப்பார்கள், விலை அப்படி. கலசம் கலசமாக அது நம் ஊரில் கிடக்காது.

தருமபுரி, ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர்

இந்தத் தலைப்பில் ஆலன் சோக்கல் பெயர் வராமல் இருக்காது, எனவே நானே கொண்டுவருகிறேன். எல்லோரும் அவரை வீரராகவே பேசுகிறார்கள். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

நடந்தது இது. நியூயார்க் பல்கலைக்கழக இயற்பியலாளர் சோக்கல், 1994-இல் சோஷியல் டெக்ஸ்ட் என்ற பண்பாட்டு ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். குவாண்டம் ஈர்ப்புக்குப் புதிய பொருள்கோள் வேண்டும் என்பது தலைப்பின் சாரம். புற உலகமே சமூகமும் மொழியும் சேர்ந்து கட்டியது என்றும், யூக்ளிடின் பை, நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி ஆகியவைகூட வரலாற்றுக்கு உட்பட்டவை என்றும் எழுதினார். வேண்டுமென்றே பொருளற்றதாக எழுதிய அதை இதழ் 1996-இல் வெளியிட்டது. வெளிவந்த கையோடு லிங்குவா ஃபிராங்கா இதழில் அவரே அம்பலப்படுத்தினார். இதழின் ஆசிரியர்களுக்கு நோபலைக் கேலி செய்யும் இக் நோபல் விருது அந்த ஆண்டே போய்ச் சேர்ந்தது.

சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்த இதழில் அப்போது வெளி ஆய்வாளர்களைக் கொண்டு மதிப்பீடு செய்யும் முறை இல்லை. அடிக்குறிப்புகளையும் தத்துவ ஊகங்களையும் குறைக்கச் சொல்லி ஆசிரியர்கள் கேட்டார்கள், சோக்கல் இசையவில்லை. இயற்பியல் பேராசிரியர் இயற்பியலைப் பற்றிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். துறை தாண்டி ஒருவர் மீது வைத்த நம்பிக்கையை அவர் ஆயுதமாக்கினார். காவேரிப்பட்டணத்து ஐயா சொன்ன கலசக்காரர்களும் செய்தது இதைத்தானே?

மேலும், ஓர் இதழ் ஒரு முறை ஏமாந்ததை வைத்து இலக்கியம், வரலாறு, பண்பாடு பயிலும் துறைகள் அத்தனையையும் எள்ளி நகையாடுவதை என்னால் ஏற்க முடியாது. சங்கப் பாடலுக்கு உரை காண்பதும், அதியமான் காலத்து நடுகல்லைப் படிப்பதும் சான்று தேடும் வேலைதான். எங்கள் துறையிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது.

அரூர் ஆய்வு மாணவி

வணக்கம். ஈர்ப்பலைத் தரவுப் பகுப்பாய்வில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். பேராசிரியர் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அதற்கு இயற்பியலுக்கு உள்ளேயே சான்று இருக்கிறது.

பிரான்சில் இகோர், கிரிஷ்கா பொக்தனோவ் என்று இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சியில் அறிவியல் நிகழ்ச்சி நடத்திப் புகழ் பெற்றவர்கள். பர்கண்டி பல்கலைக்கழகத்தில் கிரிஷ்கா 1999-இலும் இகோர் 2002-இலும் முனைவர் பட்டம் பெற்றார்கள். பெருவெடிப்புக்கு முன் என்ன இருந்தது என்பதைப் பற்றிய அவர்களின் கட்டுரைகள் கிளாசிக்கல் அண்டு குவாண்டம் கிராவிட்டி, அன்னல்ஸ் ஆஃப் ஃபிசிக்ஸ் போன்ற மதிப்புமிக்க இதழ்களில் வந்தன. இவற்றில் மதிப்பீட்டு முறை உண்டு. 2002 அக்டோபரில் ஒரு பேச்சு கிளம்பியது: இது சோக்கலுக்குப் பதிலடி, இயற்பியலாளர்களை ஏமாற்ற எழுதிய பொய்க் கட்டுரைகள் என்று. கணித இயற்பியலாளர் ஜான் பாயெஸ் இணையத்தில் அதை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். சகோதரர்கள் கோபமாக மறுத்தார்கள். புரளி இல்லை, உண்மையான ஆய்வுதான் என்றார்கள். படித்த வல்லுநர்களோ, சொற்கள் எல்லாம் துறையின் சொற்கள், வாக்கியங்களுக்குத்தான் பொருள் இல்லை என்றார்கள். ஃபூக்கோ ஊசல் எப்படி ஆடினாலும் அதன் ஆட்டத் தளம் பிரபஞ்சத்தின் தொடக்கப் புள்ளியை நோக்கியே அமையும் என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. இளநிலை மாணவர் அதைப் படித்தாலே நின்று யோசிப்பார். மதிப்பீட்டாளர்கள் நிற்கவில்லை. கிளாசிக்கல் அண்டு குவாண்டம் கிராவிட்டியில் வந்த கட்டுரையை வெளியிட்டிருக்கக் கூடாது என்று அந்த இதழின் ஆசிரியர் குழுவே பின்னர் சொன்னது.

என்னைக் கலங்கவைப்பது, அது புரளியா உண்மையா என்று துறைக்கு உள்ளே இருந்தவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள நேர்ந்ததுதான். 2021 டிசம்பர் 28 அன்று கிரிஷ்காவும் 2022 ஜனவரி 3 அன்று இகோரும் கொரோனாவால் இறந்தார்கள். கடைசிவரை தங்கள் கட்டுரைகள் உண்மையானவை என்றே சொன்னார்கள்.

கோட்பாட்டு இயற்பியலில் இது நடக்கக் காரணம் இருக்கிறது. பெருவெடிப்புக்கு முந்தைய நிலையைப் பற்றிச் சொன்னால் அதை எந்தக் கருவியாலும் அளந்து மறுக்க முடியாது. உட்பிரிவுகள் மிகக் குறுகியவை, பக்கத்து அறையில் இருப்பவருக்கே அடுத்தவர் கணக்கு புரியாது. மதிப்பீட்டாளருக்கு ஊதியம் கிடையாது, நேரமும் கிடையாது. "எனக்குப் புரியவில்லை" என்று எழுத அவருக்குக் கூச்சம் வந்துவிட்டால் கட்டுரை உள்ளே போய்விடும்.

சோக்கலை நான் கலசக்காரர்களோடு சேர்க்க மாட்டேன். அவர் தானே முன்வந்து சொன்னார். இதற்கு எங்கள் துறையிலேயே மிக நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2010 செப்டம்பர் 16 அன்று லைகோ, விர்கோ கருவிகளில் ஒரு வலுவான சமிக்ஞை பதிவானது. வானில் அது வந்த திசை பெருநாய் விண்மீன் தொகுதி, எனவே "பெரிய நாய்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் பகுப்பாய்வு நடந்தது. கட்டுரையும் எழுதி முடித்தார்கள். ஆனால் குழுவில் எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்று உண்டு: ஒரு சிறு குழு ரகசியமாகப் பொய்ச் சமிக்ஞையைக் கருவிக்குள் செலுத்தியிருக்கலாம், செலுத்தாமலும் இருக்கலாம். 2011 மார்ச் 14 அன்று கலிஃபோர்னியாவில் கூட்டம் கூடி, விடை இருந்த உறையைப் பிரித்தார்கள். பொய்ச் சமிக்ஞைதான். கட்டுரை வெளிவரவில்லை. யாரும் ஏமாற்றப்பட்டதாகக் கோபிக்கவில்லை, ஏனென்றால் தங்கள் முறை சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று அந்தச் சோதனையால்தான் அவர்களுக்கு உறுதி வந்தது.

2015-இல் உண்மையான அலை வந்தபோது பலர் கேட்ட முதல் கேள்வியே "இதுவும் உள்ளே செலுத்தியதா?" என்பதுதான். இல்லை என்று உறுதிசெய்து, யாராவது திருட்டுத்தனமாகச் செலுத்தியிருக்க முடியுமா என்றும் துருவிப் பார்த்த பிறகே, 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்குச் சொன்னார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமையவிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவார்கள் என்று நம்புகிறேன். போகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டும். வகுப்பை நடத்துங்கள் ஐயா.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

அம்மா, பொறுமையாக விளக்கினீர்கள். நன்றி. நீங்கள் சொன்ன அந்த இரட்டையர் கட்டுரையைப் பற்றி எனக்குப் புரிந்தது இது: கார்பைடு கல் வைத்த மாங்காய்க்குத் தோல் மஞ்சளாகிவிடும், அறுத்தால் உள்ளே காய். மண்டிக்கு வருகிற வியாபாரி அறுக்காமல் வாங்க மாட்டார். உங்கள் மதிப்பீட்டாளர்கள் அறுக்காமல் வாங்கிவிட்டார்கள்.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. விஞ்ஞானிகளுக்கு உறையைப் பிரித்துக் காட்ட ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கலசத்தோடு வருகிறவனின் உறையை யார் பிரிப்பது?

ஓசூர் டூல்ரூம்

மதிப்பீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2005-இல் எம்ஐடி மாணவர்கள் மூவர் சைஜென் என்ற நிரலை எழுதினார்கள். பொத்தானை அழுத்தினால் வரைபடம், மேற்கோள் எல்லாம் சேர்ந்த பொருளற்ற கணினி அறிவியல் கட்டுரை வந்துவிடும். அப்படி ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2014-இல் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ ஆகிய இரு பெரும் பதிப்பகங்களும் இந்த நிரலில் பிறந்த 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தங்கள் தொகுப்பிலிருந்து நீக்கின. பிரான்சின் சிரில் லாபே கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் நீக்கினார்கள்.

கோட்பாட்டு இயற்பியலுக்கும் 2010-இல் ஒன்று வந்தது. இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும் ஆர்க்சைவ் தளத்தில் வரும் உண்மைத் தலைப்பையும், ஸ்னார்க்சைவ் என்ற நிரல் உருவாக்கிய பொய்த் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மை என்று கேட்கும் விளையாட்டு. வகுப்புக்கு உகந்தது. தலைப்பைக் கேட்டே மதிப்பு வைக்கக் கூடாது என்று பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

எனக்கு இதில் வருத்தமும் உண்டு. நான் படித்த பொறியியல் கல்லூரியில் ஆசிரியர்கள் பதவி உயர்வுக்காகப் பணம் கட்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்கள் எங்களையும் பெயர் சேர்த்துப் பங்குப் பணம் கேட்டார்கள். அந்த இதழை யாராவது படித்தார்களா என்பதே சந்தேகம். அங்கே குறும்புக்கே இடமில்லை, ஏனென்றால் ஏமாறுவதற்கு ஒரு வாசகராவது வேண்டும்.

தருமபுரி, ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அரூர் ஆய்வு மாணவி எழுதியதைப் படித்த பிறகு, சோக்கலையும் கலசக்காரரையும் ஒன்றாக வைத்த என் வரியை அவர் மறுத்ததில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. நம்பிக்கையைப் பயன்படுத்தினார் என்ற என் குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் பட்டியலில் சேருங்கள், இது நம்மவர்களை நேரடியாகத் தொட்டது. ஜெனீவாவில் செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மைய வளாகத்தில் இந்தியா 2004-இல் பரிசளித்த நடராசர் சிலை நிற்கிறது. அணுத்துகள்கள் தோன்றுவதும் மறைவதுமான ஆட்டத்தைச் சிவ நடனத்தோடு ஒப்பிட்டு வைத்தது. 2016 ஆகஸ்டில் அந்தச் சிலைக்கு முன் கறுப்பு அங்கி அணிந்த சிலர் நள்ளிரவில் நரபலி கொடுப்பது போன்ற வீடியோ பரவியது. அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் எடுத்த நடிப்பு அது, உள்ளே வரும் அடையாள அட்டை வைத்திருந்தவர்களின் வேலை, இத்தகைய கேலியை ஏற்க மாட்டோம் என்று செர்ன் அறிவித்து விசாரணை தொடங்கியது. ஆனால் என் ஊர்க் கோயில் குழுவில் இன்றும் அந்த வீடியோ "விஞ்ஞானிகள் நரகத்தின் வாசலைத் திறக்கிறார்கள்" என்ற குறிப்போடு வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் பதில் எழுதுகிறேன். எடுத்தவர்களுக்கு ஓர் இரவு வேடிக்கை. அவர்கள் முகம் காட்டி "நாங்கள்தான்" என்று சொல்லியிருந்தால் என் வேலை பாதி குறைந்திருக்கும்.

பென்னாகரம் ஆசிரியர்

மாந்தோப்பு ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். திண்ணைக்கு வருகிறவனின் உறையை அந்த வீட்டுப் பிள்ளைதான் பிரிக்க வேண்டும். வேறு யாரும் அங்கே இருக்கப்போவதில்லை. தராசும் வாளியும் கொண்டுவந்து "எடை போடலாமா?" என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் கேட்டால், கலசக்காரர் அனுமதிக்க மாட்டார். "தொட்டால் கதிர்வீச்சு, சக்தி போய்விடும்" என்பார். அளக்க விடாததே விடை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறையச் சொல்லாமல் இந்த ஒன்றைப் பதியவைத்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். பெற்றோரையும் அழைக்கிறோம். உங்கள் உறவினர் விரும்பினால் வரட்டும், பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

குறும்புகளிலும் ஒரு கசப்பைச் சேர்க்கிறேன். 1948 ஏப்ரல் 1 தேதியிட்ட ஃபிசிக்கல் ரெவியூ இதழில் ஆல்ஃபர், பெத்தே, காமோ மூவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் எப்படி உருவாகியிருக்கும் என்ற முக்கியமான வேலை. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காக, வேலையில் பங்கே இல்லாத பெத்தேயின் பெயரைக் காமோ சேர்த்தார். 1931-இல் அந்த 273 குறும்பைச் செய்த அதே பெத்தேதான். ரால்ஃப் ஆல்ஃபர் அப்போது ஆய்வு மாணவர், அது அவருடைய முனைவர் பட்ட வேலை. இரண்டு பெரும் பெயர்களுக்கு நடுவே தன் பங்கு மறைந்துவிடுமே என்று அவர் வருந்தினார். பல காலம் அப்படித்தான் மறைந்தும் போனது. பூனையைச் சேர்த்ததில் யாருக்கும் இழப்பில்லை, இங்கே ஒரு மாணவருக்கு இழப்பு. குறும்பை ரசிக்கும்போது இதையும் பிள்ளைகள் கேட்க வேண்டும்: அதில் யாருடைய உழைப்பு கரைந்தது?

ஊத்தங்கரை பிளஸ் டூ

ஆசிரியர் ஐயா, 273 புதிருக்கு விடை சொல்கிறேன். அக்கா, தவறு இருந்தால் திருத்துங்கள்.

137 என்பதற்கு அலகு கிடையாது, எந்த நாட்டில் அளந்தாலும் அதே எண். ஆனால் மைனஸ் 273 என்பது செல்சியஸில் மட்டும்தான் வரும். நீர் உறைவது 0, கொதிப்பது 100 என்று மனிதர்கள் வைத்துக்கொண்ட அளவு அது. ஃபாரன்ஹீட்டில் எழுதினால் தனிச்சுழி மைனஸ் 459.67. அப்போது 137-ஐ வைத்து என்ன செய்வார்கள்? இயற்கையின் மாறிலிக்கு நாம் நீரை வைத்து அமைத்த அளவுகோல் எப்படித் தெரியும்? எனவே எண் பொருந்தியது தற்செயல். விடையை முதலில் வைத்துக்கொண்டு வழியைப் பிறகு அமைத்திருக்கிறார்கள். துல்லியமாகப் பார்த்தால் மைனஸ் 273.15, அதுவும் பொருந்தவில்லை.

அரூர் ஆய்வு மாணவி

தம்பி, திருத்த எதுவும் இல்லை. அலகு இல்லாத எண்ணையும் அலகு உள்ள எண்ணையும் சமன் செய்யக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டாய்.

பென்னாகரம் ஆசிரியர்

சரியான விடை. அவர்கள் மூவரும் குறிவைத்தது ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டனை. அந்த மாறிலியின் தலைகீழ் எண்ணை வெறும் சிந்தனையிலிருந்தே பெறலாம் என்றார் அவர். முதலில் 136 என்றார், அளவீடுகள் 137-ஐ நெருங்கியதும் 137-க்கு மாறினார். ஆய்விதழின் ஆசிரியர் ஆர்னால்டு பெர்லினர் குறும்பை ரசிக்கவில்லை. அந்தக் குறிப்பை ஆய்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற விளக்கம் 1931 மார்ச்சில் அதே இதழில் வந்தது.

தம்பி, சனிக்கிழமை இந்தப் பகுதியைக் கரும்பலகையில் நீயே நடத்து. ஊத்தங்கரையிலிருந்து வருகிற மற்ற மாணவர்களிடமும் சொல்லிவிடு. டூல்ரூம் தம்பி, துல்லியமான தராசு ஒன்றும் ஸ்பார்க் பிளக் ஒன்றும் உங்கள் பொறுப்பு.

ஓசூர் டூல்ரூம்

இரண்டையும் கொண்டுவருகிறேன் ஐயா. தராசு 0.01 கிராம் வரை காட்டும். செம்புக் கட்டியும் ஒன்று எடுத்து வருகிறேன். கலசம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

கலசம் இருக்கிறது. உறவினர் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டேன், எடுத்துக்கொண்டு அவரே வருகிறேன் என்கிறார்.